பால் கணக்குக்குப் பக்கத்தில் மணியின் ஊசி

எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் அம்மாவின் பொறுப்பு. பால் பாக்கெட் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, அக்கா மகளின் பரீட்சை, அமாவாசை, கிருத்திகை எல்லாம் அந்தச் சின்னக் கட்டங்களுக்குள் பென்சிலில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர் தாளை மட்டும் நான் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். 9ஆம் தேதிக் கட்டத்தில் ‘மணி ஊசி’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 30ஆம் தேதியில் மறுபடி எழுதியிருக்கிறார் அம்மா. இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள மூன்று வாரத்தில்தான் ஒரு நாய்க்குட்டியின் உடம்புக்குள் எவ்வளவு நடக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன்.

மணி வந்தது அடைமழை இரவொன்றில். தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில், மழைநீர் வடிகாலின் சிலாப்புக்கு அடியிலிருந்து கீச்சுக் குரல் கேட்டது. இரண்டு குட்டிகள் கிடந்தன. ஒன்றுக்கு உயிர் இல்லை. மற்றது என் இரண்டு கைக்குள் அடங்கிற்று. வயிறு மட்டும் உப்பி, விலா எலும்பு விரலில் தட்டியது. வீட்டு வாசலில் நின்றதுமே அம்மா, “ஏண்டி, ராத்திரி பூரா கத்துமே, அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?” என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே போய், தான் கட்டிப் பழசான நூல் சேலையை எடுத்துவந்து அட்டைப்பெட்டிக்குள் விரித்தார். துவைத்த சேலை எதையும் தேடாமல் கொடியில் கிடந்ததையே எடுத்தது தற்செயல். ஆனால் அதைவிடச் சரியான ஒன்றை அந்த இரவில் யாரும் செய்திருக்க முடியாது.

நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் இருக்கலாம். நாய்க்கு அது 20 கோடிக்கும் மேல். மூச்சை வெளியே விடும்போதும் நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் காற்றைத் தள்ளிவிடுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் அப்படியே உள்ளே வந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ் குழு, நாய்களுக்குப் பழக்கம் கொடுத்து, மயக்க மருந்து இல்லாமல், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க வைத்தது. பன்னிரண்டு நாய்கள். ஒவ்வொன்றின் மூக்கருகிலும் ஐந்து வாசனைகளைக் காட்டினார்கள்: தன் வாசனை, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். நல்லது ஏதோ வரப்போகிறது என்று மூளை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு. தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் அது மிக அதிகமாக விழித்தது. இவ்வளவுக்கும் அந்த மனிதர் அந்த அறையிலேயே இல்லை.

மணிக்கு முதல் இரவில் அம்மா தெரிந்த மனிதர் ஆகியிருக்கவில்லை. ஆனால் இந்த வாசனையோடு வெதுவெதுப்பும் பாலில் கரைத்த சோறும் சேர்ந்து வருகிறது என்ற கணக்கு அந்த அட்டைப்பெட்டிக்குள் அன்றைக்கே தொடங்கிவிட்டது. கீழே துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்தோம். இதுவரை உடன்பிறப்புகளின் மேல் குவிந்து தூங்கிய உடம்பு அது. பதினோரு மணிக்கு அழுகை நின்றது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பால் பற்களைப் பார்த்து, ஏழு வாரம் இருக்கும் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறட்டும், பிறகு முதல் தடுப்பூசி என்றார். அம்மா 9ஆம் தேதிக் கட்டத்தில் எழுதினார். ஐந்தாம் நாள் காலையில் குட்டி தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் வாந்தி. சாயங்காலம் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்வோ.

இந்த வைரஸ் நம் தாத்தா பாட்டி வளர்த்த நாய்களுக்குத் தெரியாது. 1978ஆம் ஆண்டுவாக்கில்தான் உலகம் அதைக் கண்டது. பூனைக் குடும்பத்தைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவான இது சில மாற்றங்கள் பெற்று நாய்க்குத் தாவி, இரண்டே ஆண்டில் கண்டம் கண்டமாகப் பரவியது. வேகமாகப் பிரியும் செல்கள்தான் அதன் குறி. உடம்பில் மிக வேகமாகப் பிரிவது குடலின் உள்பூச்சு. சில நாளுக்கு ஒருமுறை அது முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் உதிர உதிர, அடியில் உள்ள குழிகளிலிருந்து புதிய செல்கள் மேலேறும். பார்வோ அந்தக் குழிகளையே அழிக்கிறது. உதிர்வது உதிர்ந்துகொண்டிருக்க, புதிது வருவது நின்றுவிடுகிறது. குடல் வெறும் புண்ணாகி, தண்ணீரும் உப்பும் ரத்தமும் வெளியே ஒழுகும். குடலில் இருக்கவேண்டிய பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும். எலும்பு மஜ்ஜையும் தாக்கப்படுவதால், அதை எதிர்க்க வெள்ளை அணுக்களும் போதாது.

இங்கே நமக்குக் கிடைக்கும் சிகிச்சையில் வைரஸை நேராகக் கொல்லும் மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது, வாந்தியை நிறுத்துவது, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், உடம்புச் சூடு குறையாமல் காப்பது. அவ்வளவுதான். குடல் தன்னைத் தானே மறுபடி நெய்துகொள்ளும்வரை உயிரைப் பிடித்து நிறுத்துவதுதான் வைத்தியம். “அஞ்சு நாள் தாண்டினா பொழச்சுக்கும்” என்று டாக்டர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. அந்த ஐந்து நாளும் குடல் மறுபடி முளைக்க எடுக்கும் அவகாசம்.

காலையும் மாலையும் டிரிப்ஸ். இரவில் அம்மா கண்விழித்தார். ஸ்பூனால் அரை மணிக்கு ஒருமுறை கடைவாயில் இரண்டு சொட்டு. நான்காம் நாள் விடியற்காலை அந்தக் குட்டி தலையைத் தூக்கி, அம்மாவின் முழங்கையை ஒருமுறை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. நாக்கு வெள்ளையாக, ஈரமே இல்லாமல் இருந்தது என்று அம்மா இன்றும் சொல்வார்.

தடுப்பூசி ஏன் ஒன்றோடு முடியாமல் மூன்று நான்கு முறை போடுகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். மருந்து விற்கத்தான் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குள் போகின்றன. ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை அவை பாதியாகக் குறையும். அவை நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், தடுப்பூசியையே கிருமி என்று நினைத்து அழித்துவிடும். ஊசி வீண். அவை போதுமான அளவு வடிந்த பிறகு போட்டால்தான் குட்டியின் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் வடியும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒன்றுக்கு ஆறு வாரம், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எந்த ஊசி வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒன்று செய்திருக்கும்.

தாயின் பாதுகாப்பு வடிந்தும், ஊசியின் பாதுகாப்பு ஏறாமலும் இருக்கும் அந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். தெருக்குட்டிகள் வளையை விட்டு வெளியே வந்து ஊரைச் சுற்றத் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் பார்வோ போகாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் கரைசல்தான் அதை அழிக்கும். தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீட்டுக்கு உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவந்து, அதையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மணி பிழைத்த பிறகு, நோயுற்ற நாய்க்குட்டியை மனிதர் பேணுவது எத்தனை காலமாக நடக்கிறது என்று தேடினேன். கிடைத்த பதில் என்னை உலுக்கிவிட்டது. ஜெர்மனியில் பான் நகரையொட்டிய ஓபர்காசலில் 1914ஆம் ஆண்டு கல் குவாரித் தொழிலாளர்கள் ஒரு பழங்காலப் புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே நாயின் எலும்புகள். சுமார் 14,000 ஆண்டு பழமை. விவசாயம் தோன்றாத, மனிதர்கள் வேட்டையாடித் திரிந்த காலம். 2018இல் வெளியான ஆய்வில் லூக் ஜான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவினரும் அந்த நாயின் பற்களை ஆராய்ந்தார்கள். இறக்கும்போது அதற்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை. பல் எனாமலில் வரி வரியாகக் குறைபாடுகள். பல் வளரும் காலத்தில் கடுமையான நோய் வந்தால் அந்த வாரத்தின் எனாமல் சரியாகப் படியாது. மரத்தின் வளையம்போல அது பதிவாகிவிடும். ஐந்தாம் மாதவாக்கில் அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் நோய் வந்து, சில வாரங்கள் திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கிறது என்பது அவர்களின் முடிவு. காய்ச்சல், வாந்தி, பேதி, பிறகு வலிப்பு. யாரும் கவனிக்காவிட்டால் மூன்று வாரத்துக்குள் செத்துப்போயிருக்கும். அது அதற்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறது.

நோயில் கிடக்கும் ஐந்து மாதக் குட்டியால் வேட்டைக்கு ஒரு பயனும் இல்லை. காவலுக்கும் இல்லை. அந்தப் பனிக்காலத்தில் யாரோ அதைக் கதகதப்பாக வைத்து, துடைத்து, தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாது. அந்த யாரோவையும் விடியற்காலை ஸ்பூனோடு உட்கார்ந்திருந்த அம்மாவையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இந்த ஆய்வைப் படிக்க முடியவில்லை.

குட்டி தேறிய பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. ஊசி முடியும்வரை தெருவில் இறக்காதே என்றார் டாக்டர். சரியான அறிவுரை. ஆனால் நாய்க்குட்டியின் மூளையில் ஒரு கதவு திறந்து மூடுகிறது. மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டு பதினான்காம் வாரத்தில் சாத்திக்கொள்ளும். அந்தக் காலத்தில் பார்த்ததெல்லாம் உலகத்தின் இயல்பான பகுதி. அதற்குப் பிறகு முதல்முறை பார்ப்பது அச்சுறுத்தல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் குட்டிகளை மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியிட்ட வயலில் வளர்த்து, வெவ்வேறு வயதில் சிறிது காலம் மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். 1961இல் அதன் முடிவு வெளியானது. பதினான்கு வாரம்வரை மனிதரைக் காணாத குட்டிகள் அதன்பிறகு எவ்வளவு முயன்றும் காட்டு விலங்கைப்போல ஒதுங்கியே நின்றன.

ஊசிக்காக வீட்டுக்குள் அடைத்தால் கதவு மூடிவிடும். கதவுக்காகத் தெருவில் விட்டால் நோய் வரும். வழி ஒன்றுதான்: உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது. குக்கர் விசில், மிக்ஸி, வாஷிங் மெஷின், சாமி மணி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நடைவண்டி, ஹெல்மெட் போட்ட கூரியர் பையன், குடை விரிக்கும் சத்தம். மணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா மகள் கேட்டருகே நின்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் காட்டினாள். ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு துண்டு அவித்த முட்டை. கூட்டுக் குடும்பச் சந்தடி நிறைந்த வீடு நாய்க்குட்டிக்கு எவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்று அப்போது கண்டேன்.

எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை, அம்மாவின் பேச்சில் ‘அது’ என்பது ‘அவன்’ ஆனது. “அது சாப்பிட்டுச்சா?” என்று கேட்டவர், “அவன் இன்னும் சாப்பிடலையே” என்றார். அஃறிணையை உயர்திணையாக்குவது தமிழில் சின்ன விஷயம் இல்லை. இதற்கும் உடம்புக்குள் ஒரு வழி இருக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாய்களையும் வளர்ப்பவர்களையும் ஓர் அறையில் அரைமணி நேரம் விட்டார்கள். முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரிலும் ஆக்சிடோசினை அளந்தார்கள். பிரசவத்திலும் பாலூட்டலிலும் தாய்க்குச் சுரக்கும் அதே ஹார்மோன். எந்த நாய்கள் அதிக நேரம் வளர்ப்பவரின் கண்ணைப் பார்த்தனவோ, அந்த ஜோடிகளில் இருவருக்கும் ஆக்சிடோசின் ஏறியிருந்தது. நாய் பார்க்க, மனிதருக்குச் சுரக்கிறது. மனிதர் தடவ, நாய்க்குச் சுரக்கிறது. நாய் இன்னும் பார்க்கிறது. குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் ஓடும் சக்கரம் இங்கேயும் சுழல்கிறது. கையில் வைத்து வளர்த்த ஓநாய்களிடம் இந்தச் சக்கரம் ஓடவில்லை. 2015இல் வந்த ஆய்வு இது. நான்கு ஆண்டு கழித்து வந்த இன்னொன்று, நாயின் உள்புருவத்தை மேலே தூக்கும் தசை ஓநாயிடம் நன்றாக வளரவில்லை என்று காட்டியது. தட்டில் மிச்சம் வைக்கிறவரை மணி பார்க்கும் அந்தப் பார்வைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தலைமுறை இருக்கிறது.

“இது என்ன ஜாதி?” வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நாட்டு நாய் என்றால் முகம் மாறும். தெருநாய்க்குப் புத்தி வராது, நன்றி மட்டும் இருக்கும் என்று அனுதாபமாகச் சொல்வார்கள். கொல்கத்தாவின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு ஆண்டுக்கணக்கில் இந்தியத் தெருநாய்களையே ஆய்வு செய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். பாதி நாய்கள் பயத்தில் அருகே வரவே இல்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பயிற்சி தந்ததில்லை. இன்னோர் ஆய்வில், திரும்பத் திரும்பச் சந்தித்துச் சில நாய்களுக்கு உணவு கொடுத்தார்கள், சிலவற்றைத் தலையில் தடவிக்கொடுத்தார்கள். நம்பிக்கை நின்று வளர்ந்தது தடவப்பட்டவற்றிடம். கல்லெறியும் கையையே பார்த்து வளர்ந்த நாய்க்கு, தலையில் மெதுவாக இறங்கும் கை பிஸ்கட்டைவிடப் பெரியது. புத்தி இல்லை என்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். நாய் சோறு சாப்பிடலாமா என்று கேட்டால், ஜீரணிக்கும் என்பதே விடை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2013இல் இதற்குச் சான்று தந்தது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதி. நாய்களிடம் நான்கு முதல் முப்பதுவரை. மனிதன் தானியம் விளைக்கத் தொடங்கியபோது, அவனோடு இருந்த விலங்கின் உடம்பும் தானியத்துக்குப் பழகிவிட்டது. ஆனால் வெறும் தயிர்சாதம் வளரும் குட்டிக்குப் போதாது. முட்டையோ கோழியோ மீனோ வேண்டும். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, வெந்ததானாலும் சரி. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் சாம்பார், குழம்பு எதில் வெங்காயம் இல்லை? மிஞ்சிய சாம்பார் சாதத்தை அன்போடு ஊற்றுகிற வீடுகளில், நாய் ஏன் சோகையாக இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

பூனை கதை முற்றிலும் வேறு. செல்லி எங்கள் மாடிப்படிக்கு அடியில் பின்னங்கால் ஒடிந்து கிடந்த பூனை. பால் பாயசத்தை அவள் சட்டை செய்ததே இல்லை. பூனைகளால் இனிப்பை உணரவே முடியாது. இனிப்பு உணரும் ஏற்பியின் பாதியைக் கட்டும் மரபணு பூனைக் குடும்பம் முழுவதிலும், சிங்கம் புலி உட்பட, பழுதாகிக் கிடக்கிறது. மாமிசமே தின்று வாழ்ந்த விலங்குக்கு அது தேவைப்படவில்லை. டாரின் என்ற பொருளைத் தன் உடம்பில் போதுமான அளவு தயாரிக்கவும் பூனையால் முடியாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் பலூன்போல வீங்கித் தளரும் என்று 1987இலும் கண்டார்கள். சைவ வீடுகளில் பாலும் சாதமும் மட்டும் ஊற்றி வளர்க்கப்படும் பூனைகளுக்காக இதை எழுதுகிறேன். மீன் வாங்க மனம் ஒப்பாதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவாவது வாங்க வேண்டும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலில் அதைச் செயலிழக்க வைக்கும் நொதி போதுமான அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

செல்லி ஐந்து வாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். அக்கா மகள் தரையில் படுத்து, அவளைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறப்பாள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், இப்படிச் செய்தவரிடம் பூனைகள் தாமும் கண்ணைச் சுருக்கி, நீட்டிய கையருகே வரத் துணிந்தன. ஆறாம் வாரம் செல்லி வந்தாள்.

திருச்சியில் என் பெரியம்மா வீட்டில் கருப்பி என்ற நாய் இருக்கிறது. நான்கு வயதில் எங்கிருந்தோ அடிபட்டு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் அவளை அதட்டியதுகூட இல்லை. ஆனாலும் துடைப்பத்தை யாராவது கையில் எடுத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இரண்டு வருடத்தில் அது மறைந்தது. பிறகு புது வீட்டுக்குக் குடிபோன அன்று மறுபடி வந்துவிட்டது. பெரியம்மா, “இத்தனை நாள் வளர்த்தும் நம்பலையே” என்று வருந்தினார். நம்பாததால் வந்தது இல்லை. பாவ்லோவ் தன் நாய்களிடம் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டதுதான்: கற்ற ஒன்றை அணைத்துவிட்டாலும் அது அழிவதில்லை, சில நாள் கழித்துத் தானே எழும். பயத்துக்கும் அப்படியே. பழைய நினைவின் மேல், இங்கே துடைப்பம் அடிக்காது என்று புதிய நினைவு ஒன்று எழுதப்படுகிறது. அது அந்த வீட்டோடு, அந்த மூலையோடு கட்டப்பட்டது. இடம் மாறினால் பழையது தலைதூக்கும். மறுபடி எழுதவேண்டியதுதான். இரண்டாம் முறை சீக்கிரம் எழுதிவிடலாம். கருப்பிக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது.

நெதர்லாந்தில் காப்பகத்து நாய்களின் முடியை வெட்டி, அதில் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்தார்கள். முடி மெதுவாக வளர்வதால், கழிந்துபோன வாரங்களின் கணக்கு அதில் இருக்கும். காப்பகத்தில் ஆறு வாரம் இருந்தபோது ஏறியது, வீடு கிடைத்த பிறகு இறங்கியது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில்தான் இறங்கியது. தூக்கிவந்த அன்றே அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அதன் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச்சேர அவ்வளவு நாள் ஆகிறது.

செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது? வேளை தவறாத தட்டு. விலங்குகளின் மூளையில் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் கடிகாரம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். எலிகளிடம் அந்தக் கடிகாரப் பகுதியை அகற்றிய பிறகும், தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தால் அவை அந்நேரத்துக்கு முன்பே எழுந்து காத்திருந்தன. உணவுக்கென்று தனியாக ஒரு கடிகாரம் உடம்பில் ஓடுகிறது. தெருவில் அந்தக் கடிகாரத்துக்கு வேலை இல்லை. எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் அது மெல்ல ஓடத் தொடங்குகிறது. மணியின் எவர்சில்வர் தட்டைக் காலை ஏழரைக்கும் இரவு எட்டுக்கும் அம்மா கழுவுகிறார். ஏழே காலுக்கு அவன் சமையலறை வாசலில் இருப்பான். முதல் மாதம் தட்டு வைத்ததும் மூச்சுவிடாமல் விழுங்குவான். இப்போது பாதி சாப்பிட்டுவிட்டு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். மீதி அங்கேயே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்தவற்றில் நான் மிகவும் பெருமைப்படுவது அந்தப் பாதித் தட்டு.

தீபாவளி பற்றி ஒரு வார்த்தை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடியும் கேட்கும் திறன் நாய்க்கு 40,000த்தையும் தாண்டும். பூனைக்கு இன்னும் மேலே. பட்டாசு வெடிக்கும்போது உள்ளறையில், ஃபேனும் டிவியும் ஓட, கூடவே இருங்கள். பயந்த நாயை அணைத்தால் பயம் கூடும் என்பது தவறு.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் விளையாடக்கூடாத விஷயம் வெறிநாய்க்கடி. குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். கடியோ கீறலோ எதுவானாலும், வீட்டு நாயானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். அறிகுறி வந்தபிறகு வைத்தியம் இல்லை.

கருத்தடை அறுவையும் அப்படித் தட்டிக்கழிக்கக் கூடாதது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்ற வழியை இந்தியாவில் 1964லேயே தொடங்கியது சென்னையின் புளூ கிராஸ். காது நுனியில் சிறு வெட்டு உள்ள தெருநாயைப் பார்த்தால், அதற்கு அறுவை முடிந்துவிட்டது என்று பொருள்.

தெருநாய்களை ஆராயும் அதே கொல்கத்தா குழு 364 தெருக்குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தது. இனப்பெருக்க வயதான ஏழாம் மாதத்தை எட்டியவை நூற்றுக்கு 19. இறப்புகளில் பாதிக்கும் மேல் ஏதோ ஒருவகையில் மனிதரால் நேர்ந்தவை: வண்டி, அடி, விஷம், குட்டியைத் தூக்கிப்போய்ப் பிறகு கைவிட்டது. அந்தக் கடைசி வகை என்னை மிகவும் உறுத்துகிறது. அவை இரக்கத்தில் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் முடிந்துபோனவை.

நம் ஊரில் மழையோடு தொடங்கி மாசிவரை குட்டிகள் பிறக்கும். உங்கள் தெருவிலும் ஏதாவது சிலாப்புக்கு அடியில் கீச்சுக் குரல் கேட்கும். எடுத்து வருவதானால் அன்றைக்கே சமையலறைக் காலண்டரில் தடுப்பூசிக்கான மூன்று தேதிகளைக் குறித்துவிடுங்கள். வெறிநாய்க்கடி ஊசிக்கு நான்காவதாக ஒரு கட்டம், ஆறேழு மாதம் தள்ளிக் கருத்தடைக்கு இன்னொன்று. பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதினால் மறக்காது.